சாம்பல் காட்டுக்கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்கோழி என்று பேச்செடுத்தாலே பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கேட்பது "கறி எப்படி இருக்கும்?" என்பதுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தப் பறவையை வருடக்கணக்காகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். காட்டுக்கோழி என்று நான் சொல்வதெல்லாம் நம் மலைக்காடுகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியைத்தான்.

வீட்டுக்கோழி தப்பித்துக் காட்டுக்குள் போய்ப் பெருகியதுதானே காட்டுக்கோழி?

இல்லை. கதை நேர்மாறானது. கோழி காட்டிலிருந்துதான் வீட்டுக்கு வந்தது. உலகத்தில் காட்டுக்கோழி இனங்கள் மொத்தம் நான்கு: சிவப்புக் காட்டுக்கோழி, நம்முடைய சாம்பல் காட்டுக்கோழி, இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவா பக்கம் இருக்கும் பச்சைக் காட்டுக்கோழி. இவற்றில் சிவப்புக் காட்டுக்கோழியைப் பழக்கித்தான் மனிதர்கள் வீட்டுக்கோழியை உருவாக்கினார்கள். இலங்கைக்காரர்கள் தங்களுடையதைத் தேசியப் பறவையாகவே வைத்திருக்கிறார்கள்.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகள், வடக்கே குஜராத்தின் தென்பகுதி, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானில் அபு மலை வரை. கிழக்குப் பக்கம் ஏறக்குறைய கோதாவரியைத் தாண்டினால் சிவப்புக் காட்டுக்கோழியின் ராஜ்யம். பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெராவின் பெயரைத்தான் இதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள்: கேலஸ் சொன்னெராட்டி. நம் பழைய பெயர் கானக்கோழி, அதுதான் எனக்குப் பிடித்த பெயர்.

பார்த்ததும் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

சேவலை ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்கவே முடியாது. உடம்பு சாம்பல் நிறம், ஆனால் வெறும் சாம்பல் இல்லை, ஒவ்வொரு இறகிலும் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடும். வால் கருநீலமும் ஊதாவும் கலந்து மின்னும், நடு இறகுகள் அரிவாள் போல வளைந்து நீண்டிருக்கும். சிவப்புக் கொண்டையும் தாடியும் உண்டு, கால்கள் சிவப்பாக இருக்கும், குதிமுள்ளும் உண்டு. வாலோடு சேர்த்து 70 முதல் 80 செ.மீ. நீளம், எடை ஒரு கிலோவை ஒட்டி. நம் ஊர்ச் சண்டைச் சேவலோடு ஒப்பிட்டால் சின்ன உடம்புதான்.

பெட்டை முற்றிலும் வேறு. முதுகு பழுப்பு, மார்பு வெள்ளை, அந்த வெள்ளை இறகுகளுக்குக் கருமையான ஓரம், அதனால் மார்பில் மீன் செதில் வரைந்தது மாதிரி இருக்கும். கால் மஞ்சள். கொண்டை இருக்கிறதா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். சிவப்புக் காட்டுக்கோழியின் பெட்டைக்கு மார்பில் இந்த வெள்ளை வரி கிடையாது, ஆகவே இரண்டு இனமும் இருக்கக்கூடிய இடங்களில் பெட்டையைத்தான் முதலில் பாருங்கள்.

சேவலின் கழுத்தில் மெழுகு சொட்டியது மாதிரி புள்ளிகள் இருக்கிறதே, அது என்ன?

இந்தப் பறவையின் தனி அடையாளமே அதுதான். மற்ற மூன்று காட்டுக்கோழிகளுக்கும் இது கிடையாது. கழுத்து இறகுகள் ஒவ்வொன்றின் நுனிப்பக்கத்திலும் இறகின் நடுத்தண்டு அகன்று, தட்டையாகி, வழவழப்பான சின்னத் தகடாக மாறியிருக்கும். வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கும். தொட்டால் இறகு மாதிரியே இருக்காது, கெட்டியாக இருக்கும். ஒளிரும் புள்ளிகள் கொண்ட கழுத்து என்று சங்கப் புலவர் ஒருவர் கானக்கோழிச் சேவலைப் பாடியிருக்கிறார். அத்தனை காலத்துக்கு முன்னால் ஒருவர் நின்று நிதானமாக இந்தக் கழுத்தைப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இந்த அழகே இதற்கு எமனாகவும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் பொய்ப்பூச்சிகளுக்கு இந்த இறகைத் தேடித் தேடி வாங்கினார்கள், ஏனென்றால் தண்ணீருக்குள் அந்தத் தகடு சின்ன மீனின் கண் மாதிரி தெரியும். அதற்காக நம் காடுகளிலிருந்து ஏராளமான சேவல்களின் கழுத்துத்தோல் கப்பலேறியது. இப்போது அந்தத் தேவைக்கு அங்கேயே பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

சேவல் இவ்வளவு பகட்டாக இருக்க, பெட்டை மட்டும் ஏன் மண் நிறத்தில் இருக்கிறது?

தரையில் உட்கார்ந்து மூன்று வாரம் அடைகாப்பது அதுதானே. கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. புதரடியிலோ மூங்கில் தூரிலோ லேசாகப் பள்ளம் பறித்து, சருகை ஒதுக்கி, அதில் முட்டையிடும். சருகின் நிறத்தில் இருக்கும் பெட்டை அசையாமல் உட்கார்ந்துவிட்டால், இரண்டடி தள்ளி நடந்து போகிறவனுக்கும் தெரியாது. சேவலுக்கு அடைகாக்கும் வேலை இல்லை என்பதால் நிறத்தைக் காட்டிக்கொண்டு திரிய அதற்கு முடிகிறது.

காட்டுக்கோழி பறக்குமா, பறக்காதா?

பறக்கும். ஆனால் அது பறக்கும் விதமே தனி, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தரையில் வாழ்வதற்கு இந்தப் பறவை எப்படி அமைந்திருக்கிறது என்பதை இதிலிருந்தே பாதி புரிந்துகொள்ளலாம்.

கோழிக்கறி வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெஞ்சுக்கறி வெளிறி இருக்கும், தொடைக்கறி சற்றுச் சிவந்திருக்கும். காரணம், இரண்டு தசையும் செய்யும் வேலை வேறு. நாள் முழுக்க நடந்து, ஓடி, சீய்த்துக்கொண்டே இருக்கும் காலுக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும், அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதில் அதிகம். இறக்கையை இயக்கும் நெஞ்சுத்தசையோ தன்னிடமே சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்தைச் சட்டென்று எரித்து ஒரே மூச்சில் பெரிய விசையைக் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் களைத்தும் போய்விடும். பருந்து மாதிரி மணிக்கணக்கில் வட்டமடிக்க இதனால் முடியாது. ஆனால் காலடியில் காட்டுப்பூனை பாய்கிற அந்த ஒரு நொடியில், ஓடுபாதை எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலிருந்து கிட்டத்தட்ட நேர் மேலே எழும்ப இதனால் முடியும்.

இறக்கையும் அதற்கேற்ற மாதிரிதான். குட்டையாக, அகலமாக, நுனி உருண்டிருக்கும். நீண்ட இறக்கை அடர்ந்த காட்டுக்குள் கிளையில் சிக்கும், இது புகுந்து போய்விடும். எழும்பும்போது வரும் சடசடப்பு இருக்கிறதே, தனியாகக் காட்டுப்பாதையில் நடந்து போகும்போது அதைக் கேட்டால் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். நமக்கே அப்படி என்றால் பாய வந்த விலங்குக்கும் அந்த ஒரு கணத் திகைப்பு இருக்கத்தானே செய்யும்.

சாதாரணமாகப் பறப்பது இரண்டு சமயங்களில்தான். ஆபத்து வந்தால், அப்புறம் பொழுது சாய்ந்ததும் மரத்தில் ஏறி அடைய. மற்ற நேரமெல்லாம் கால்தான்.

அப்படியானால் காலில் என்ன விசேஷம்?

முன்னால் மூன்று விரல், பின்னால் சற்று உயரத்தில் ஒன்று. நகங்கள் மொண்ணையாக, உறுதியாக இருக்கும், சருகையும் மண்ணையும் சீய்ப்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு கோழிக்கூட்டம் போன தடத்தைப் பார்த்தாலே தெரியும், யாரோ சின்ன வாரியலால் அங்கங்கே சருகை ஒதுக்கின மாதிரி இருக்கும்.

கிளையில் உட்கார்ந்து தூங்கும்போதும் காலே காப்பாற்றுகிறது. காலை மடக்கி உட்கார்ந்ததும் விரல்களுக்குப் போகும் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். சேவலுக்கு இருக்கும் குதிமுள் எல்லைச் சண்டைக்கு.

என்ன தின்று வாழ்கிறது?

கிடைத்ததையெல்லாம் என்று சொல்லலாம். புல்விதை, காட்டுப்பழங்கள், தளிர், கிழங்கு, கரையான், வெட்டுக்கிளி, புழு, எப்போதாவது சின்னப் பல்லி. உண்ணிச்செடிப் பழமென்றால் விடாது. மாட்டுச்சாணத்தையும் யானைச் சாணத்தையும் கிளறிக்கொண்டு நிற்கிற காட்டுக்கோழியைக் காட்டோரச் சாலைகளில் காலையில் பார்க்கலாம். செரிக்காத விதைகள், வண்டுப் புழுக்கள் எல்லாம் அதில் தயாராகக் கிடைக்கின்றன.

மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து விதைக்கும் இல்லையா, அந்த வருடம் காட்டுக்கோழிகளுக்குத் திருவிழா. தனியாகவும் ஜோடியாகவும் சின்னக் கூட்டமாகவும் திரிகிற பறவை, மூங்கிலரிசி கொட்டும் இடத்தில் பெருங்கூட்டமாகச் சேரும். குறிஞ்சி விதைக்கும்போதும் இப்படித்தான். 12 வருடத்துக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதைப் பார்க்க நாம் மலையேறுகிறோம், 2018இல் அவ்வளவு கூட்டம். பூ வாடி விதையானதும் காட்டுக்கோழி வருவதைப் பார்க்கத்தான் யாரும் மிஞ்சியிருப்பதில்லை.

பல் இல்லாத வாய்க்கு இத்தனை கடின விதைகள் எப்படி என்று கேட்டால், அவசரமாகப் பொறுக்கியது முதலில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் சேரும். வெட்டவெளியில் நின்று மென்றுகொண்டிருந்தால் ஆபத்து, அதனால் மளமளவென்று நிரப்பிக்கொண்டு புதருக்குள் போய்விடலாம். அப்புறம் அரைவைப்பை என்ற கெட்டியான தசைப்பை, கோழி விழுங்கி வைத்திருக்கும் சின்னக் கற்களோடு சேர்த்து அதை அம்மி மாதிரி அரைத்துவிடும்.

வீட்டுச் சேவல் மாதிரிதான் கூவுமா?

இல்லை, கேட்டவுடனே வித்தியாசம் தெரியும். வீட்டுச் சேவலின் நீண்ட இழுப்பு இதில் கிடையாது. "குக்... காய கய குக்" என்று வெட்டி வெட்டி, உடைந்த தாளத்தில், பலமாக வரும். விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் ஒரு மலைச்சரிவிலிருந்து ஒன்று கூப்பிட எதிர்ச்சரிவிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். இன்னொன்றைக் கவனியுங்கள், சிவப்புக் காட்டுக்கோழியும் வீட்டுச் சேவலும் கூவும் முன்னால் இறக்கையை அடித்துக்கொள்ளும். சாம்பல் சேவல் அப்படிச் செய்யாது.

தரையில் வாழ்கிறதே, இத்தனை எதிரிகளிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது?

எதிரிப் பட்டியல் பெரியதுதான்: சிறுத்தைப்பூனை, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, மலைப்பாம்பு, மேலே கழுகும் ராஜாளியும், முட்டைக்கு உடும்பும் கீரியும்.

முதல் பாதுகாப்பு கண். தலையின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுமுற்றும் பார்க்கும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவும் கோழி இனத்தின் கண்ணுக்குத் தெரியும். அடுத்தது காது. சருகு மூடிய தரையில் ஓசையில்லாமல் நடப்பது யாருக்குமே கஷ்டம், கோழிக்கு அது நன்றாகத் தெரியும். மூன்றாவது, ஒன்று மேயும்போது இன்னொன்று தலைதூக்கிப் பார்ப்பது. கோழிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம், வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல். வானத்துக் குரல் கேட்டால் மற்றவை பதுங்கும், தரைக்குரல் கேட்டால் நிமிர்ந்து நின்று தேடும். வீட்டில் கோழி வளர்த்தவர்கள் பருந்து நிழல் விழும்போது தாய்க்கோழி போடும் அந்த இழுத்த சத்தத்தைக் கேட்டிருப்பார்கள், அது காட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம்.

தப்பிக்கும்போதும் முதலில் பறப்பதில்லை. தலையைத் தாழ்த்தி, வாலை இறக்கி, புதருக்குள் ஓடும். பறப்பது கடைசி வழி. மேலே சொன்னேனே, நெஞ்சுத்தசை சீக்கிரம் களைத்துவிடும், அதனால் அந்தப் பலத்தைச் சும்மா செலவழிக்காது.

எத்தனை முட்டையிடும்? குஞ்சுகள் எப்படிப் பிழைக்கின்றன?

முக்கியமாகப் பிப்ரவரி முதல் மே வரை. 4 முதல் 7 முட்டைகள், வெளிறிய பாலாடை நிறம். 21 நாளில் பொரிக்கும், வீட்டுக்கோழிக் கணக்குதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை, ஆனால் முழு ஈடும் முடிந்த பிறகுதான் பெட்டை ஒழுங்காக அடையில் உட்காரும். சூடு கிடைக்கும் வரை உள்ளே கரு வளராமல் காத்திருக்கும், அதனால் முதல் முட்டையும் கடைசி முட்டையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. தரைக்கூட்டில் இது உயிர்ப்பிரச்சினை, ஏனென்றால் பொரித்த வாசனைக்கும் சத்தத்துக்கும் எதிரி வருவதற்குள் எல்லாக் குஞ்சும் ஒன்றாகக் கிளம்பியாக வேண்டும். கண் திறந்து, உடம்பெல்லாம் தூவியோடு பிறக்கும் குஞ்சு, ஈரம் காய்ந்ததும் தாய் பின்னால் நடந்துவிடும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சோறு போடும். அப்புறம் புழு பூச்சி. வளர்கிற உடம்புக்குப் புரதம் வேண்டும், விதையெல்லாம் பிறகுதான். உடம்பில் இறகு முளைக்கும் முன்பே இறக்கையில் இறகு முளைத்துவிடும், சின்ன வயதிலேயே படபடவென்று தாழ்ந்த கிளைக்கு எழும்பிவிடும்.

சில மாதங்களில் சேவலே கண்ணில் படுவதில்லையே?

அங்கேயேதான் இருக்கும், உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இனப்பெருக்கக் காலம் முடிகிற சமயத்தில் சேவல் அந்தப் புள்ளிக் கழுத்து இறகுகளை உதிர்த்துவிட்டு, மங்கலான இறகுகளுக்கு மாறிக்கொள்ளும். பகட்டுக்கு வேலை இல்லாத காலத்தில் பகட்டு ஆபத்து மட்டும்தான். அடுத்த பருவத்துக்குப் புது இறகு வந்துவிடும்.

நாட்டுக்கோழியோடு சேருமா?

சேரும். நம் கோழிகளின் உடம்பிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக்கோழிகளின் கால் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தீனியில் இருக்கும் கரோட்டின் வகை நிறமிகளைத் தோலில் உடைக்கும் வேலையை ஒரு மரபணு செய்கிறது. சாம்பல் காட்டுக்கோழி வழி வந்த வடிவம் தோலில் அந்த வேலையைக் குறைத்துவிடுவதால் மஞ்சள் அப்படியே தங்குகிறது. மற்றபடி சிவப்புக் காட்டுக்கோழியின் வாரிசான வீட்டுக்கோழிக்குள் நம் காட்டுச் சேவலின் பங்கும் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் எதிர்த்திசையில் நடப்பதுதான் கவலை. காட்டோரக் குடியிருப்புகளிலும் எஸ்டேட் பகுதிகளிலும் அவிழ்த்துவிட்ட கோழிகள் காட்டுக்கோழியோடு கலந்தால், எத்தனையோ ஆயிரம் வருடங்களில் உருவான எச்சரிக்கைக் குணமும் உடலமைப்பும் நீர்த்துப்போகும். வெள்ளைக்கழிச்சல் மாதிரி நோய்களும் காட்டுக்குள் போகலாம். காட்டை ஒட்டி வீடு இருந்தால் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுங்கள், காட்டுப்பக்கம் அனுப்பாதீர்கள்.

சரி, கறி எப்படி இருக்கும்? வேட்டையாடலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம், சிறை வரை போகும். துப்பாக்கி மட்டும்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம், கண்ணி வைப்பதும் முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது. கறியில் தனி மருத்துவக் குணம் இருப்பதாகச் சொல்வதை நம்பாதீர்கள். "காட்டுக்கோழிக் கறி கிடைக்கும்" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

உலக அளவில் இப்போதைக்கு இது அழியும் நிலைப் பட்டியலில் இல்லை. ஆனால் கண்ணி வைக்கிற காட்டுக்கும் வைக்காத காட்டுக்கும் வித்தியாசத்தை விடியற்காலையில் காதிலேயே கேட்கலாம்.

முட்டையை எடுத்து வந்து வீட்டுக்கோழியிடம் அடை வைத்தால் குஞ்சு பழகுமா?

முட்டை எடுப்பதே குற்றம் என்று இப்போதுதான் சொன்னேன். அது போகட்டும், குஞ்சு பழகவும் பழகாது. பொரித்த நாளிலிருந்தே ஆள் நிழல் பட்டால் ஓடி ஒளியும் குணம் அதன் இரத்தத்தில் இருக்கிறது. தயவுசெய்து அந்தக் கூட்டை விட்டுவிடுங்கள்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, கேரளப் பக்கம் தேக்கடி என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் நல்ல காடு இருக்கிற பெரும்பாலான இடங்களில் உண்டு. வெயில் ஏறும் முன்னால் போங்கள். இரவு மழை பெய்த மறுநாள் காலை இன்னும் நல்லது, நனைந்த புதருக்குள் இருக்கப் பிடிக்காமல் பாதையோரத்துக்கு வந்து நிற்கும். வண்டியில் போனால் தூரத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள், கதவைத் திறக்க வேண்டாம். பெட்டைகள் முதலில் வரும், சேவல் பின்னால் தயங்கித் தயங்கி ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். அந்த நேரத்தில் வெயில் கழுத்தில் பட்டால் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்கிற மாதிரி தெரியும், ஐந்து நொடிதான், அதற்குள் பாதையைக் கடந்துவிடும்.